முதலில் அமாவாசை, அப்புறம் ஸ்கூட்டர்

என்னிடமிருந்து தொலையாத பொருள் ஒன்று உண்டென்றால் அது என் தொப்பைதான். மற்றதெல்லாம் தொலைந்திருக்கிறது. குடை, மூக்குக்கண்ணாடி, திருத்தாத விடைத்தாள்கள், ஒற்றைச் செருப்பு என்று தாம்பரத்துக்கும் மறைமலை நகருக்கும் நடுவே ஓடும் மின்சார ரயில்களுக்கு நான் கொடுத்த சீர்வரிசை பெரிது. ஒற்றைச் செருப்பை எப்படி விட்டேன் என்று கேட்காதீர்கள். எனக்கே இன்னும் புரியவில்லை.

இதில் எதற்கும் வீட்டில் பெரிய தண்டனை கிடைத்ததில்லை. ஒரு தடவை எவர்சில்வர் டிபன் டப்பாவை விட்டுவிட்டு வந்தேன். மனைவியின் பெயர் பொறித்த டப்பா, கல்யாணத்தில் வந்தது. அவள் கோபப்படவில்லை, நிதானமாகத்தான் கேட்டாள்.

“டப்பாவை விட்டுட்டு நீங்க மட்டும் எப்படிங்க கரெக்டா வீடு வந்து சேர்ந்தீங்க?”

அன்றிலிருந்து ரயிலில் டிபன் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். பச்சைக்குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கிப்போகிறவன்போல இருக்கும். நடந்த வினைக்கு மூலகாரணம் அந்தப் பிடிதான்.

நான் கணக்கு வாத்தியார். வீடு சேலையூரில், பள்ளிக்கூடம் மறைமலை நகரில். எங்கள் நிர்வாகத்துக்கு ஜி.எஸ்.டி. ரோடு நெடுகக் கிளைகள் உண்டு. பன்னிரண்டாம் வகுப்புக்கு எல்லாக் கிளைகளிலும் ஒரே வினாத்தாள். அதைத் தயாரிக்கும் பொறுப்பு அந்த வருஷம் முதன்முறையாக என்னிடம் வந்தது. என்னைவிட மூத்தவர்கள் யாரும் ஒப்புக்கொள்ளாததால் வந்தது என்று சக ஆசிரியர்கள் சொன்னார்கள். பொறாமை.

என் லேப்டாப் அப்போது கிழமாகிவிட்டிருந்தது. ஆன் செய்துவிட்டுக் குளிக்கப் போனால், தலை துவட்டிக்கொண்டு வரும்போதுதான் விழித்துப் பார்க்கும். மேற்குத் தாம்பரத்தில் ஒரு கடையில் கொடுத்து, பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டேன். சிகரெட் பெட்டிக்குப் பாதி அளவுகூட இல்லாத ஒரு பட்டை. அதைப் போட்டதும் லேப்டாப்புக்கு இருபது வயது திரும்பிவிட்டது. எனக்கும் ஏதாவது மாட்ட முடியுமா என்று கடைக்காரரைக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. பழைய டிஸ்கை ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்தார்.

அந்தக் கவரை வீட்டில் மேஜைமேல் வைத்தது தப்பாகப் போயிற்று. என் மனைவிக்கு தாம்பரம் சானடோரியம் ஏற்றுமதி வளாகத்தில் கம்ப்யூட்டர் வேலை. டிஸ்கை எடுத்தாள், ஒரு வயரை மாட்டினாள், தன் லேப்டாப்பில் செருகினாள். நான் அலட்சியமாக உட்கார்ந்திருந்தேன். எனக்குத்தான் பாஸ்வேர்ட் இருக்கிறதே.

பாஸ்வேர்டை அது கேட்கவே இல்லை. தேங்காய் உடைந்த மாதிரி எல்லாம் பளிச்சென்று திறந்துகொண்டது.

“‘வருமான வரி’ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கே, அதுல என்னங்க இவ்வளவு கவிதை?”

அவள் ஒன்றை வாய்விட்டுப் படித்தாள்.

“‘நீ நடந்தால் ஜி.எஸ்.டி. ரோடே நின்று பார்க்கும்.’ அது எப்பவும் நின்னுட்டுதாங்க இருக்கு, டிராஃபிக்ல.”

பிறகு அவள் எனக்கு விளக்கினாள். நான் போடுகிற பாஸ்வேர்ட் வாசல் கதவுக்கு மட்டும்தான் பூட்டு. டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டால் கொல்லைப்புறமாக நுழைந்த மாதிரி, யாரும் எதையும் படிக்கலாம். எஸ்.எஸ்.டி. என்றாலும் அதே கதைதான். என்கிரிப்ட் செய்தால் உள்ளே இருப்பது முழுக்கக் கன்னாபின்னா எழுத்தாகிவிடும். பட்டையைக் கழற்றி எங்கே மாட்டினாலும் கன்னாபின்னாதான். ஆன் செய்யும்போது சரியான பாஸ்வேர்ட் போட்டால்தான் அது தமிழாகும், கணக்காகும், கவிதையாகும்.

“நாளைக்கு இதுல கொஸ்டின் பேப்பர் வேற அடிக்கப்போறீங்க. நீங்களோ எதையும் தொலைக்கிற ஆளு,” என்றாள். அன்றைக்கே என்கிரிப்ட் செய்துவிட்டாள். அவசரத்துக்கு உதவ நீளமாக ஒரு எண் சாவி வந்தது. அதை என்னிடம் காட்டாமல் தன்னிடமே வைத்துக்கொண்டாள். பாஸ்வேர்டாக என் பிறந்த தேதியைச் சொன்னேன், என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் பிறந்த தேதியைச் சொன்னேன், “சரியாச் சொன்னதுக்கு சந்தோஷம். ஆனா வேணாம்,” என்றாள்.

“ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத நாலு வார்த்தை இருக்கணும். அப்பதான் யாராலயும் கண்டுபிடிக்க முடியாது.”

அப்படி அமைந்தவைதான் முருங்கைக்காய், ஸ்கூட்டர், பெருங்காயம், அமாவாசை. இப்போது மாற்றியாகிவிட்டது, அதனால் தைரியமாகச் சொல்கிறேன். ஆங்கில எழுத்தில் இடைவெளி விடாமல் அடிக்க வேண்டும். யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று அவள் சொன்னது முற்றிலும் உண்மை. என்னாலும் முடியவில்லை. வார்த்தைகள் நினைவிருந்தன, வரிசைதான் நிற்கவில்லை. நான்கு பொருளை இருபத்து நான்கு விதமாக அடுக்கலாம் என்று வருஷா வருஷம் வகுப்பில் நிரூபிக்கிறவன் நான். அந்த இருபத்து நான்கில் என் வீட்டுப் பாஸ்வேர்ட் எது என்று மட்டும் தெரியவில்லை.

அதற்கு ஒரு வழி கண்டேன். நோட்டுப் புத்தகத்தில் ஒட்டுவோமே, பெயர், வகுப்பு, பிரிவு, பாடம் என்று கோடு போட்ட லேபிள், அதில் ஒன்றை எடுத்து லேப்டாப்பின் அடியில் ஒட்டினேன். பெயருக்கு நேரே என் பெயர். பாடத்துக்கு நேரே நான்கு வார்த்தைகள், சரியான வரிசையில், என் முத்தான கையெழுத்தில். பார்க்கிறவன் ஏதோ பாடம் என்று நினைத்துக்கொள்வான். எந்தப் பள்ளிக்கூடத்தில் பெருங்காயம் பாடம் நடத்துகிறார்கள் என்று யோசிக்க மாட்டான். இதுதான் என் திட்டம். தினமும் லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்து, மறுபடி திருப்பி வைத்து அடிப்பேன். மனைவிக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

வினாத்தாள் தயாரானது. அச்சாகி, கவரில் போட்டு அரக்கு வைத்து, பூஜை விடுமுறைக்கு முன்பே கிளைகளுக்குப் போய்விட்டது. பள்ளி திறந்த மறுநாளே பரீட்சை. ஃபைல் மட்டும் என் லேப்டாப்பில் இருந்தது.

ஆயுதபூஜை அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் விலக்கு கிடையாது. ஸ்கூட்டர், மிக்ஸி, கிரைண்டர், கத்தரிக்கோல், வாட்டர் மோட்டார் சுவிட்ச், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். லேப்டாப்பையும் பாடப்புத்தகங்களோடு சரஸ்வதி படத்துக்குக் கீழே வைப்போம். வழக்கமாக நான் லேப்டாப்பை அணைப்பதே இல்லை, மூடியைச் சாத்துவதோடு சரி. “அது தூங்குது, அணையலை. முழுசா அணைச்சாத்தாங்க பூட்டு விழும்,” என்று அவள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தாள். பூஜைக்கு வைக்கிற கருவிக்கு அன்று முழு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதால் அன்று மட்டும் ஒழுங்காக அணைத்தேன். அதற்குப் பிறகு தொடவில்லை. விஜயதசமி அன்று எல்லாவற்றையும் எடுத்து, லேப்டாப்பைப் பையில் வைத்து ஜிப் போட்டது மனைவிதான்.

பள்ளி திறந்த அன்று காலை தாம்பரம் ஸ்டேஷனில் நான் படி இறங்கும்போது செங்கல்பட்டு வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கைக்கு எட்டிய பெட்டியில் ஏறினேன். ஏறிய பிறகுதான் மூக்கு சொன்னது, அது வியாபாரிகள் கூடை ஏற்றும் வெண்டார் பெட்டி என்று. சுற்றிலும் கீரைக்கட்டு, பூமூட்டை, மீன் கூடைகள். லேப்டாப் பையை மூலையில் ஒரு பெரிய கூடையின் மூடிமேல் வைத்துவிட்டு, டிபன் பையை வழக்கம்போல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன்.

கூடைக்காரம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். காசிமேட்டிலிருந்து மீன் எடுத்துவருகிறவர். நடுவயது, மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி.

“இன்னா சாரு, மீன் மேல பைய வெக்கிற. அப்பால நாறுதுன்னு என்னாண்ட வந்து நிக்காத.”

“பரவால்லக்கா. மறைமலை நகர்ல இறங்கிடுவேன்.”

“நான் அடுத்த டேசன், சிங்கப்பெருமா கோயிலு. அது இன்னா, சோத்துப் பைய மட்டும் இந்தப் புடி புடிச்சினு கீற?”

“தொலைஞ்சா வீட்டுல திட்டுவாங்க.”

“நல்ல பொண்டாட்டி,” என்றார்.

புரட்டாசி மாதம் வியாபாரமே இல்லை, சனிக்கிழமை வந்தால் மனுஷன் மீனைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, எல்லாம் ஒரே பேஜாரு என்று வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தார். நானும் புரட்டாசியில் மீன் தொடாதவன் என்பதால் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். மறைமலை நகர் வந்தது. டிபன் பை பத்திரமாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு இறங்கினேன்.

பள்ளி வாசலில் காவலாளி வணக்கம் வைத்தார். பதில் வணக்கம் வைக்கக் கையைத் தூக்கினேன். தோள் காலியாக இருந்தது.

தலைமை ஆசிரியை அறையில் நின்றுகொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் விஷயம் பெரிது என்று பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குக்கூடத் தெரியும்.

“சார், நாளைக்குக் காலையில பரீட்சை. எல்லாக் கிளைக்கும் கவர் போயாச்சு. அந்த ஃபைல் வெளியில போயிருந்தா அத்தனையும் குப்பை. வேற பேப்பர் எடுத்து, அடிச்சு, அனுப்பணும். நிர்வாகத்துக்கு நான் பதில் சொல்லணும். நீங்க எனக்குப் பதில் சொல்லணும்.”

“லேப்டாப் என்கிரிப்ட் பண்ணியிருக்கு மேடம். பாஸ்வேர்ட் இல்லாம யாராலயும் திறக்க முடியாது.”

“அப்படியா. அப்ப பயம் இல்லையே?”

“இல்ல மேடம்.”

அந்தப் பூட்டின் சாவியை அதே பூட்டின் அடியில் லேபிள் போட்டு ஒட்டியிருக்கிறேன் என்ற சின்ன விவரம் தொண்டை வரை வந்து திரும்பிப் போய்விட்டது.

“மத்தியானத்துக்குள்ள தேடிப் பாத்துட்டுச் சொல்லுங்க. பேப்பரை மாத்தணுமா வேணாமான்னு அப்புறம் முடிவு பண்ணலாம்,” என்றார். நான் கதவைத் தாண்டும்போது, “சார், உங்ககிட்ட மீன் வாசம் வருதா?” என்றும் கேட்டார்.

ஸ்டேஷனுக்கு ஓடினேன். கவுண்டரில் இருந்தவர் செங்கல்பட்டுக்குப் போன் போட்டு, வெண்டார் பெட்டியில் பை எதுவும் இல்லை என்று கேட்டுச் சொன்னார். அப்படியென்றால் யாரோ எடுத்திருக்கிறார்கள். நினைவில் இருந்த ஒரே நூல் அந்த மீன்காரம்மா. சிங்கப்பெருமாள் கோயிலுக்கு ஆட்டோ பிடித்தேன். ஆட்டோவில் உட்கார்ந்ததும் மனைவிக்குப் போன் செய்தேன்.

“லேப்டாப் போயிடுச்சு,” என்றேன்.

“டப்பா?”

“இருக்கு.”

“சரி. பயப்படாதீங்க. யார் கையில கிடைச்சாலும் ஒண்ணும் பாக்க முடியாது. அதுக்குத்தான அன்னைக்கு உட்கார்ந்து அவ்வளவு பண்ணினோம்.”

“அது இல்லம்மா…”

“எது?”

“ஒண்ணும் இல்ல.”

“நீங்க பூஜைக்கு முழுசா அணைச்சுதான வெச்சீங்க? அப்ப கவலையே இல்ல. மெஷின் போனா போகட்டும். போய்க் கேட்டுப் பாருங்க.” அவள் தோசை மாவு வாங்கச் சொல்லும் குரலில் பேசினாள். திட்டினால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். பூட்டை இவ்வளவு நம்புகிறவளிடம் சாவியைத் தொங்கவிட்ட கதையை எப்படிச் சொல்வது?

ஜி.எஸ்.டி. ரோடு அன்று என் கவிதையில் இருப்பதுபோலவே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஆட்டோவுக்குள் நான் புது வினாத்தாள் போட ஆரம்பித்தேன். முதல் கேள்வி: ஒரு முட்டாள் நான்கு வார்த்தைகளை மறந்துபோக எத்தனை வழிகள் உள்ளன? இந்த ரீதியில் இரண்டாவது கேள்விக்கு மனம் போகவில்லை. முத்தான கையெழுத்துதான் கண்முன் நின்றது. கிறுக்கலாக எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா.

மார்க்கெட்டில் அவரைத் தேட வேண்டியிருக்கவில்லை. மீன் கடைகளின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மீன் பலகைக்குப் பின்னால், கவிழ்த்த கூடையின்மேல், பிளாஸ்டிக் தாள் சுற்றி என் பை இருந்தது. அதைக் கண்டதும் ஓடிப்போய் அவர் எதிரே குந்தினேன்.

“அக்கா, அந்தப் பை…”

“வந்துட்டியா. சோத்துப் பைய வுடாம வந்துட்ட பாரு, அத்த சொல்லு.” அப்போதும் டிபன் பை என் கையில்தான் இருந்தது.

“வண்டி பொறப்பட்டப்பால தான் பாத்தேன். கூவுனேன், நீ காதுல வாங்காம போய்கினே கீற. அங்கயே வுட்டா எவனாச்சும் சுட்டுனு போயிருவான்னு எடுத்தாந்தேன்.”

நன்றி சொல்லிக் கையை நீட்டினேன். அவர் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இரு சாரு. காலைலர்ந்து நீ ரெண்டாவது ஆளு. ஒருத்தன் வந்து என்துன்னான். உள்ள இன்னா கீதுன்னு கேட்டேன், துணின்னான். தொரத்தி வுட்டேன். நீ சொல்லு.”

“லேப்டாப். கறுப்பு. அடியில லேபிள் ஒட்டியிருக்கும். அதுல என் பேர் இருக்கும்.”

“லேபிளா?” அவர் முகத்தில் சந்தேகம் வந்தது. “அந்தப் புள்ளைங்களும் பேர் கீதான்னு தான் பாத்துச்சுங்க. ஒரு பேரும் காணோம்னு சொல்லிச்சுங்களே.”

“எந்தப் புள்ளைங்கக்கா?”

“டேசன்ல நின்னுகினு இருந்துச்சுங்க, ரெண்டு பொண்ணுங்க. யூனிபாரம் போட்ட புள்ளைங்க. யாருதுன்னு பாரு கண்ணுங்களான்னு குட்தேன். தொறந்து பாத்துச்சுங்க.”

“என்ன கலர் யூனிஃபார்ம்?”

“அரக்குக் கலரு. மேல கோட்டு கீட்டுல்லாம் போட்டு.”

எங்கள் சிங்கப்பெருமாள் கோயில் கிளையின் சீருடை. கோட்டு என்றால் மேல்வகுப்பு. நாளைக்குக் காலை நான் போட்ட கணக்கை எழுதப்போகிற பெண்கள், அந்த லேப்டாப்பைக் கையில் வைத்து, திறந்து, திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். மீன் கழுவிய தண்ணீர் என் செருப்புக்குள் போனதை நான் கவனிக்கவில்லை.

“தொறந்து… என்ன பாத்தாங்க?”

“எனக்கு இன்னா தெரியும். கறுப்பா கீது, பூட்டு கேக்குதுன்னு சொல்லிச்சுங்க. மூடிட்டு, திருப்பி அடில பாத்துச்சுங்க.”

“அடியில பாத்தாங்களா?”

“பாத்துட்டு சிரிச்சிச்சுங்க.”

போதும். எல்லாம் முடிந்தது. பெருங்காயத்தைப் பார்த்தால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். மனசுக்குள் கண்ணாடியைக் கழற்றும் தலைமை ஆசிரியை தெரிந்தார். “காட்டுங்கக்கா,” என்றேன்.

அவர் ஜிப்பைத் திறந்து லேப்டாப்பை எடுத்துத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார்.

“எங்க கீது உன் பேரு? சந்தனம் தான் கீது.”

லேபிள் இருந்த இடத்தில் லேபிளின் அளவுக்கே ஒரு சந்தன மேடு இருந்தது. பொட்டு வைத்த மாதிரி இல்லை, சுவருக்குப் பூச்சு வேலை செய்த மாதிரி இருந்தது. நடுவில் குங்குமம், வட்டமாக, பெரிய ரூபாய் அளவுக்கு. ஓரத்தில் ஒரு செவ்வந்தி இதழ் காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் கொஞ்சம் சுரண்டினேன். சந்தனத்தோடு காகிதமும் ஊறி, மையும் கரைந்து, நீலமும் மஞ்சளும் சேர்ந்த ஒரு பச்சைதான் வந்தது. ‘பாடம்’ என்ற சொல்கூட மிஞ்சவில்லை.

அப்போதுதான் நினைவு வந்தது. பூஜைக்கு லேப்டாப்பைப் புத்தக அடுக்கில் வைத்தவன் நான்தான். வாத்தியார் புத்தியில் லேபிள் இருக்கும் பக்கம்தானே மேல்பக்கம். கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. பக்கத்துக் கடையில் நண்டு வாங்கிக்கொண்டிருந்த அம்மாள் ஒதுங்கி நின்றார்.

“அந்தப் புள்ளைங்க இதைப் பாத்துதான் சிரிச்சாங்களா?”

“பின்ன? கம்பூட்டருக்கு அடில பொட்டு வெச்ச ஆள நெனச்சா நீ சிரிக்க மாட்ட?” பிறகு அவர் குரல் கறாரானது. “சிரிச்சது போதும். பேரும் இல்ல, ஊரும் இல்ல. உன்துன்னா நீ தொறந்து காட்டு. பூட்டு கேக்குதுல்ல, தொற.”

சிரிப்பு நின்றது.

லேப்டாப்பை மீன் பலகையின் காய்ந்த ஓரத்தில் வைத்து ஆன் செய்தேன். கறுப்புத் திரை, வெள்ளைக் கட்டம், பாஸ்வேர்ட் போடு என்றது. எனக்கு அடிக்கும்போது வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் உண்டு. “முருங்கைக்காய்… ஸ்கூட்டர்… அமாவாசை…”

“முருங்கைக்கா அந்தாண்ட விக்கிது சாரு. நீ பூட்டத் தொற.”

தவறு என்றது. பெருங்காயத்தை முன்னால் கொண்டுவந்தேன். அதுவும் தவறு. கணக்குப்படி இன்னும் இருபத்திரண்டு விதம் பாக்கி இருந்தது. அதற்குள் ஒரு சின்னக் கூட்டம் கூடிவிட்டது.

“தன் வூட்டு சாவி தெரியாத ஆள இப்ப தான் பாக்கறேன்,” என்றார் அக்கா கூட்டத்தைப் பார்த்து. “இவுரும் துணிக்காரன் பார்ட்டி தான் போல.”

வேறு வழியில்லை. மனைவிக்குப் போன் செய்தேன். கையெல்லாம் ஈரம், அதனால் ஸ்பீக்கரில் போட்டேன். “கிடைச்சிடுச்சு. ஆனா பாஸ்வேர்ட் வரிசை மறந்துபோச்சு. திறந்து காட்டினாத்தான் தருவாங்களாம். அந்த எண் சாவியைச் சொல்றியா?”

“மார்க்கெட்ல நின்னு அத்தனை நம்பரையும் தப்பில்லாம அடிப்பீங்களா நீங்க? பாஸ்வேர்டையே சொல்றேன். முதல்ல அமாவாசை.”

“அமாவாசை,” என்று அடித்தேன்.

“அப்புறம் ஸ்கூட்டர்.”

“ஸ்கூட்டர்,” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“பெருங்காயம். கடைசியில முருங்கைக்காய்.”

கட்டம் மறைந்தது. திரையில் எங்கள் வீட்டுக் கொலு படம் விரிந்தது. மீன் கடை ஓரத்தில் நாலைந்து பேர் கை தட்டினார்கள். நான் முதலில் பார்த்தது வினாத்தாள் ஃபைலைத்தான். கடைசியாகத் திறந்தது பூஜைக்கு முந்தைய தேதி. அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. மார்பில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது. ரொம்ப நேரத்துக்குப் பிறகு மூச்சு அடிவயிறு வரை இறங்கியது. மீன் வாசத்தோடுதான் இறங்கியது, ஆனாலும் அது மாதிரி ஒரு மூச்சை நான் விட்டதில்லை.

அக்கா திரையில் கொலு பொம்மைகளையும் அதன் பக்கத்தில் நின்ற என் மனைவியையும் பார்த்தார். “இவுங்க தான் சோத்து டப்பா அம்மாவா? களையா கீறாங்க. இந்தா, எட்துனு போ.”

நான் கொடுக்க வந்த பணத்தை அவர் வாங்கவில்லை. “புரட்டாசி முடிஞ்சி மீன் வாங்க வா. பேரம் பேசாம வாங்கு. அது போதும்,” என்றார்.

பள்ளிக்குத் திரும்பி, தலைமை ஆசிரியையிடம் லேப்டாப்பைக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன், அந்தப் பெண்கள் திறந்து பார்த்து முடியாமல் மூடியதையும். லேபிளைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அவர் லேப்டாப்பைத் திருப்பிச் சந்தன மேட்டைப் பார்த்தார். கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். கழற்றிய கண்ணாடி திரும்ப மூக்கேறுவதை அத்தனை ஆசையாக நான் பார்த்ததே இல்லை.

“பேப்பர் மாத்த வேணாம்,” என்றார். “பாஸ்வேர்டை மட்டும் இன்னைக்கே மாத்திடுங்க. சிங்கப்பெருமாள் கோயில் முழுக்க இந்நேரம் தெரிஞ்சிருக்கும்.”

மாலையில் வீட்டில் மனைவி காபி கொடுத்தாள். டிபன் டப்பாவைக் கழுவப் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இவ்வளவு சந்தனம் எதுக்கு வெச்சே?” என்று கேட்டேன்.

“பூஜைக்குத்தான்.”

“லேபிள் முழுக்க மூடுற மாதிரியா?”

அவள் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னாள். “கிழிச்சா உடனே வேற ஒட்டுவீங்க. சொன்னா எனக்கே பாடம் எடுப்பீங்க. சாமி பேர்ல பூசினா சுரண்ட மாட்டீங்கன்னு தெரியும். காஞ்சதும் இன்னொரு கோட் அடிச்சேன்.”

“அப்ப போன்ல அவ்வளவு தைரியமா இருந்தது…”

“பின்ன என்னங்க? இல்லன்னா நானும்தான் அழுதிருப்பேன்.”

“எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஆட்டோவுல பாதி உயிர் போச்சு.”

“லேபிள் ஒட்டினதை நீங்க எனக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

கணக்கு சரியாக இருந்தது. காபியைக் குடித்தேன்.

அன்றே புதுப் பாஸ்வேர்ட் வைத்தோம். மறுபடியும் நான்கு வார்த்தை. ஆனால் இந்த முறை வரிசை மறக்காமலிருக்க, அவள் அதை ஒரு கதையாகச் சொல்லிக்கொடுத்தாள். கதை என்ன என்று சொல்ல மாட்டேன். எழுதி எங்கேயும் ஒட்டவில்லை. அடிக்கும்போது மட்டும் பழக்கதோஷத்தில் வாய் திறக்கும். உடனே சமையலறையிலிருந்து, “வாய்க்குள்ள, வாய்க்குள்ள,” என்று குரல் வரும்.

பரீட்சை மறுநாள் நடந்தது. தாள் ரொம்பக் கஷ்டம் என்று எல்லாக் கிளைகளிலும் என்னைத் திட்டினார்கள். இவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதில்லை. முன்கூட்டியே பார்த்திருந்தால் இப்படித் திட்டுவார்களா?

ஐப்பசி பிறந்த முதல் ஞாயிறு, சொன்ன வாக்குப்படி மனைவியோடு சிங்கப்பெருமாள் கோயில் மார்க்கெட்டுக்குப் போனேன். தூரத்திலேயே அக்கா என்னைப் பார்த்துவிட்டார்.

“வா, அமாவாச ஸ்கூட்டரு,” என்று கூப்பிட்டார். சுற்றியிருந்த கடைக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்கள். எனக்கு அங்கே அதுதான் பெயர்.

“அது பழசுக்கா. மாத்திட்டோம்,” என்றேன் கொஞ்சம் பெருமையாக.

“அப்பிடியா? புச்சு இன்னா?”

அவர் கேட்ட விதத்தில் அவ்வளவு அக்கறை இருந்தது. எனக்கும் கதை அன்றைக்குத் தலைகீழ்ப் பாடமாக நினைவிருந்தது. வாயைத் திறந்துவிட்டேன், முதல் எழுத்து உதடு வரை வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மனைவி, அந்த டிபன் டப்பா கேள்வியைக் கேட்ட அன்று பார்த்த மாதிரி சும்மா பார்த்தாள்.

“வஞ்சிரம் என்ன விலைக்கா?” என்றேன்.